கைக்காசில் செய்த செலவு: தனி ஆலோசகரின் வரிக்கணக்கில் அது எங்கே போகிறது?

ஒசூரிலிருந்து ஒரு வாசகர் – 11 மே 2024

ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 19 வருடம் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு ஏப்ரலில் வெளியே வந்து தனியாக ஆலோசனைத் தொழில் செய்கிறேன். வேலையில் இருந்தபோது வெளியூர் போய்வந்து பில்லை ஒட்டிக் கொடுத்தால் மாதக் கடைசியில் பணம் வந்துவிடும். இப்போது ரயிலுக்கும் ஓட்டலுக்கும் மட்டும் கம்பெனிகள் தருகின்றன. ஆட்டோ, போன், லேப்டாப், அளவுக் கருவிகளின் காலிபரேஷன் (துல்லியச் சோதனை), வீட்டில் இதற்கென்று ஒதுக்கிய அறை எல்லாம் என் கைக்காசு. யாரும் திருப்பித் தராத செலவு முழுவதையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். வரவு 16 லட்சம், கைச்செலவு ஏறக்குறைய 3 லட்சம். மைத்துனர் சொல்வது சரிதானா சார்?

11 மே 2024

மைத்துனர் சொல்வது சட்டப்படி சரி, உங்கள் கணக்குப்படி நஷ்டம்.

நானும் உங்களைப் போல வெளியே வந்தவன்தான். 2017இல் கோவையில் பம்ப் ஆலை வேலையை விட்டேன். அதிலிருந்து ஃபவுண்டரிகளில் (வார்ப்பாலைகளில்) ரிஜெக்ஷனை, அதாவது குறையால் தள்ளிவிடும் வார்ப்புகளை, குறைக்கும் வேலையைக் கோவை, பெல்காம், கோலாப்பூர், ராஜ்கோட் என்று சுற்றிச் செய்துவருகிறேன். ஆடிட்டர் அல்ல. ஆடிட்டரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

தனித்தொழில் செய்பவனுக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முறையாகக் கணக்கு எழுதி, வரவிலிருந்து செலவைக் கழித்து, மிஞ்சிய லாபத்துக்கு வரி கட்டுவது. வாடகை, பழுது, தேய்மானம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு; அவற்றில் அடங்காத எல்லாவற்றையும் பிரிவு 37(1) ஏற்றுக்கொள்கிறது. அந்தச் செலவு முழுக்கவும் தொழிலுக்காகவே செய்ததாக இருக்க வேண்டும், மூலதனச் செலவாகவோ (பல ஆண்டு உழைக்கும் பொருளை வாங்குவது) சொந்தச் செலவாகவோ இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. உங்கள் மைத்துனர் சொல்வது இந்த வழி. ஆட்டோ, போன், காலிபரேஷன், லேப்டாப் எல்லாம் கழியும்.

இன்னொன்று பிரிவு 44ஏடிஏ. பொறியியல், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம், பிறகு அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பம் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் உரியது. மொத்த வரவில் 50 சதவீதத்தை லாபம் என்று காட்டிவிட்டால் கணக்குப் புத்தகமும் வேண்டாம், தணிக்கையும் வேண்டாம். ஆண்டு வரவு 50 லட்சம் வரை இந்த வழி திறந்திருக்கிறது. ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 2023-24 நிதியாண்டிலிருந்து 75 லட்சம் வரை.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மைத்துனர் சொன்னபடி 3 லட்சத்தைக் கழித்தால் 13 லட்சத்துக்கு வரி. ஒன்றையும் கழிக்காமல் 44ஏடிஏவில் போனால் 8 லட்சத்துக்கு வரி. அந்த 8 லட்சத்திலிருந்து மறுபடி 3 லட்சத்தைக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்தப் பாதிக்குள்ளேயே அடங்கிவிட்டதாகத்தான் சட்டம் கருதுகிறது.

12 மே 2024

நேற்று அவசரத்தில் எழுதியதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். எனக்குப் பிடித்த சங்கதி அதுதான்.

சம்பளக்காரருக்கு அலுவலகம் தரும் பயணப்படி போன்றவற்றுக்கு வரிவிலக்குத் தரும் பிரிவு 10(14)இல் மூன்று சொற்கள் வருகின்றன: முழுமையாக, அவசியமாக, பிரத்யேகமாக. தொழில் செய்பவருக்கான 37(1)இல் இரண்டுதான், ‘அவசியமாக’ இல்லை. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் மசோதாவில் அந்தச் சொல் 37ஆம் பிரிவிலும் இருந்திருக்கிறது. எதிர்ப்பு எழுந்ததால் எடுத்துவிட்டார்கள். 1979இல் சாசூன் ஜே. டேவிட் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை எடுத்துக்காட்டி, தேவையே இல்லாமல் தானாக விரும்பிச் செய்த செலவானாலும், தொழிலுக்காகச் செய்திருந்தால் கழிக்கலாம் என்று சொன்னது.

ஆகவே, ‘ஷேர் ஆட்டோவில் போயிருக்கலாமே, டாக்சி எதற்கு?’ என்று அதிகாரி கேட்க வழியில்லை. அந்தக் கேள்வியை நம் வீட்டில் கேட்பார்கள்.

12 மே 2024, இரவு

புதிய வரிமுறையில் (வரி விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு) இருப்பவருக்குச் செலவு எதுவும் கழியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. புதிய முறையில் போவது எல்ஐசி, பிபிஎஃப், 80டி, 80ஜிஜி போன்ற சொந்தக் கழிவுகள். தொழிற்செலவு இரண்டு முறையிலும் கழியும். 44ஏடிஏவும் இரண்டிலும் உண்டு.

19 மே 2024

திருத்தம். ‘லேப்டாப் எல்லாம் கழியும்’ என்று 11ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு என் ஆடிட்டர் போன் செய்தார். லேப்டாப் மூலதனப் பொருள். வாங்கிய ஆண்டிலேயே முழு விலையும் கழியாது, தேய்மானம் மட்டுமே கழியும். கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம், மேசை நாற்காலிக்கு 10, காருக்கு 15. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதி. ஜனவரியில் 80,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப்பில் அந்த மார்ச்சுக்குள் கழிவது 16,000 மட்டும். அடுத்த ஆண்டு மீதி 64,000இல் 40 சதவீதம், அதாவது 25,600. ஆஃபரில் கிடைக்கிறது என்று மார்ச் கடைசி வாரத்தில் வாங்கிவிட்டு, ‘வரியில் போய்விடும்’ என்று மனைவியிடம் சொன்ன பொய் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 44ஏடிஏவில் இருக்கும் ஆண்டுகளில் தேய்மானத்தை நீங்கள் தனியாகக் கழிப்பதில்லை. ஆனாலும் கழித்ததாகவே வைத்து, பொருளின் புத்தக மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். மூன்றாண்டு கழித்துக் கணக்கு எழுதும் வழிக்கு மாறினால், பழைய முழு விலையிலிருந்து தொடங்க முடியாது.

வீட்டு அறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாடகை வீடாக இருந்து, ஓர் அறை தொழிலுக்கு மட்டுமே என்றால், பரப்பளவு விகிதப்படி வாடகையிலும் மின்கட்டணத்திலும் ஒரு பங்கைக் கழிக்கலாம். கணக்கு எழுதும் வழியில் மட்டும். பையன் இரவில் அங்கே படுக்கிறான் என்றால் விகிதத்தை நேர்மையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

26 மே 2024

‘8 லட்சம் காட்டினால் போதும்’ என்று நான் சொன்னது இரண்டு வாரமாக உறுத்துகிறது. பிரிவின் வாசகம் ‘50 சதவீதம், அல்லது சம்பாதித்ததாக அவரே சொல்லும் அதைவிடக் கூடுதல் தொகை’ என்று போகிறது. உண்மையில் 80 சதவீதம் மிஞ்சினாலும் 50 காட்டினால் போதும் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். கூடுதலாக மிஞ்சியது தெரிந்திருந்தால் கூட்டித்தான் காட்ட வேண்டும் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். என் ஆடிட்டர் இரண்டாம் கட்சி. மியூச்சுவல் ஃபண்டு, நிலம், வைப்புத்தொகை எல்லாம் இப்போது வரித்துறை நம் பெயரில் தொகுக்கும் ஏஐஎஸ் அறிக்கையில் வரிசையாக வந்து நிற்கின்றன; காட்டிய லாபத்தைவிடச் சேமிப்பு பெரிதாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இதில் உங்கள் ஆடிட்டர் சொல்வதைக் கேளுங்கள், நான் சொல்வதை அல்ல.

எதிர்த் திசையும் உண்டு. செலவு உண்மையிலேயே வரவில் பாதியைத் தாண்டுகிறது, லாபத்தை 50 சதவீதத்துக்குக் கீழே காட்ட விரும்புகிறீர்கள், மொத்த வருமானமும் வரிவிலக்கு வரம்புக்கு மேல் இருக்கிறது என்றால், கணக்குப் புத்தகம் மட்டும் போதாது. 44ஏபி தணிக்கையும் கட்டாயம். தணிக்கைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே அந்த வழியில் இறங்குங்கள். நல்லவேளையாக 44ஏடிஏவிலிருந்து ஓராண்டு வெளியே போனால் ஐந்தாண்டு திரும்ப முடியாது என்ற பூட்டு இதில் இல்லை. அது வியாபாரிகளுக்கான 44ஏடியில்தான்.

2 ஜூன் 2024

திருப்பித் தராத செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கடித்தது திருப்பித் தந்த செலவு.

2021-22இல் வெளிமாநிலக் கம்பெனி ஒன்றுக்கு மாதம் ஒரு நடை போய்க்கொண்டிருந்தேன். கூலியும் ஓட்டலும் டாக்சியும் ரயிலும் சேர்த்து ஒரே பில்லாகப் போடுவேன். அவர்களும் மொத்தத் தொகையில் 10 சதவீதம் டிடிஎஸ் (நம் வரிக்காக முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் தொகை) பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். மற்ற கம்பெனிகளிலும் இதே வழக்கம்தான். ஆண்டுக் கடைசியில் நான் என்ன செய்தேன்? கூலி மட்டும் 14,60,000 என்று கூட்டி, அதில் பாதியை லாபமாகக் காட்டி, 44ஏடிஏக்காரர்களுக்கான ஐடிஆர்-4 படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டேன். பயணப் பணம் என் வருமானமே இல்லையே, வந்த கையோடு போய்விட்டதே என்பது என் நியாயம்.

நம் பெயரில் பிடித்த டிடிஎஸ்ஸையும் அதற்குரிய வரவையும் வரித்துறை பட்டியலிடும் படிவம் 26ஏஎஸ்ஸில் இருந்தது 16,45,000. டிடிஎஸ் முழுவதையும் எனக்கு வரவு வைக்கக் கேட்டிருக்கிறேன், ஆனால் அந்த டிடிஎஸ்ஸுக்கு உரிய வரவை முழுதாகக் காட்டவில்லை. பிரிவு 139(9)இன்கீழ் ‘குறையுள்ள தாக்கல்’ என்று நோட்டீஸ் வந்தது, 15 நாள் கெடு. ராஜ்கோட் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு அந்த மின்னஞ்சலைப் படித்தேன்; கர்நாடகத்துக்குள் எங்கேயோ சிக்னல் போய்விட்டது, கடைசிப் பத்தி மறுநாள் காலையில்தான் திறந்தது.

ஆடிட்டர் வேறு வழியில்லை என்றார். 16,45,000த்தை வரவாகக் காட்டித் திருத்தித் தாக்கல் செய்தோம். அதன் விளைவு, பயணப் பணம் 1,85,000இல் பாதியான 92,500 ரூபாய் என் ‘லாபம்’ ஆனது. ஒரு பைசாகூட என்னிடம் தங்காத பணத்துக்கு நான் வரி கட்டினேன்.

கம்பெனி செய்தது தவறில்லை என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். மத்திய நேரடி வரிகள் வாரியம் 8 ஆகஸ்ட் 1995இல் வெளியிட்ட 715ஆம் சுற்றறிக்கையின் 30ஆவது கேள்வி இதுவேதான்: பில்லுக்குள் அடங்கிய செலவுத்தொகையைக் கழித்துவிட்டு டிடிஎஸ் பிடிக்கலாமா? கூடாது என்பது பதில். செலவுக்குத் தனி பில் போட்டு, அசல் ரசீதுகளை இணைத்துக் கொடுத்தால் அது வேறு என்று தீர்ப்பாயங்கள் சொல்லியிருக்கின்றன. அதன் பிறகு நான் எங்கேயும் ஒரே பில் போடுவதில்லை.

3 ஜூன் 2024

நேற்றைய புலம்பலைக் காலையில் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அதிகம்தான். அந்த ஆண்டு என் மற்ற கைச்செலவு 4,10,000. பயணம் 1,85,000 சேர்த்தால் 5,95,000. கணக்கு எழுதியிருந்தால் 16,45,000இலிருந்து அதைக் கழித்து 10,50,000த்துக்கு வரி கட்டியிருப்பேன். 44ஏடிஏவில் 8,22,500க்குக் கட்டினேன். அரசாங்கம் எனக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் விட்டுக்கொடுத்திருக்கிறது. நான் 92,500க்கு மூக்கால் அழுதிருக்கிறேன்.

9 ஜூன் 2024

ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் இது. பதிவு இல்லாதவரும் ஒரு வரியைப் படித்துவிடுங்கள்: சேவைக்கான 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது பில்லில் வாங்கும் பயணப் பணமும் சேரும். கூலி பதினெட்டரை லட்சம்தானே என்று இருந்த நண்பர் ஒருவர், ஓட்டல் பணத்தால் வரம்பைத் தாண்டினார்.

செலவை அப்படியே திருப்பி வாங்குகிறோம், அதன்மேல் எதற்கு 18 சதவீதம் என்று கேட்பவர்கள் உடனே ‘ப்யூர் ஏஜென்ட்’ (இன்னொருவருக்காகப் பணம் கட்டும் இடையாள்) என்ற விதி 33ஐ எடுப்பார்கள். கம்பெனியின் பெயரில் போட்ட பரிசோதனைக்கூட பில்லை நான் கையிலிருந்து கட்டி, அதே தொகையைத் திருப்பி வாங்கினால் அது பொருந்தும். நான் தூங்கிய ஓட்டல் அறைக்குப் பொருந்தாது. அந்த அறையை அனுபவித்தது நான், கம்பெனி அல்ல. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்டர்கான்டினென்டல் கன்சல்டன்ட்ஸ் வழக்கில் திருப்பி வாங்கிய செலவுக்கு வரி இல்லை என்று ஆலோசகர் பக்கம் தீர்ப்புச் சொன்னதே என்று இன்னொருவர் கேட்கிறார். அது ஜிஎஸ்டிக்கு முந்தைய சேவை வரிக் காலத்து வழக்கு. 2015 மே மாதம் சட்டத்தைத் திருத்தியதற்கு முந்தைய நிலைமைக்கான தீர்ப்பு. ஜிஎஸ்டியில் அதை ஊன்றிக்கொண்டு நடக்க முடியாது.

ஓட்டல் கணக்கை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன். ராஜ்கோட்டில் மூன்று இரவு, இரவுக்கு 2,500 வீதம் 7,500. அதன்மேல் 2024 நிலவரப்படி 12 சதவீத ஜிஎஸ்டி 900. அதில் பாதி மத்தியப் பங்கு, பாதி குஜராத் பங்கு. ஓட்டலைப் பொறுத்தவரை கட்டடம் இருக்கும் மாநிலத்தில்தான் சேவை நடந்ததாகக் கணக்கு. என் பதிவு தமிழ்நாட்டில். குஜராத்தில் கட்டிய 900 எனக்கு உள்ளீட்டு வரியாக, அதாவது நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, கிடைக்காது. நான் 8,400ஐ என் பில்லில் சேர்த்து, அதற்கும் 18 சதவீதம், 1,512 போட்டு 9,912 கேட்பேன். கம்பெனிக்கு அந்த 1,512 திரும்பக் கிடைக்கும், நடுவில் போன 900 யாருக்கும் கிடைக்காது. அதே அறையைக் கம்பெனி தன் ஜிஎஸ்டி எண்ணில் பதிவு செய்திருந்தால் 900ஐயும் எடுத்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அடக்கம் 8,400 அல்ல, 7,500.

இந்தக் கணக்கை ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டினேன். அந்த மாதத்திலிருந்து அறையை அவர்களே பதிவு செய்கிறார்கள். எனக்கும் பில்லில் வரவு குறைகிறது, 26ஏஎஸ்ஸிலும் ஏறுவதில்லை.

16 ஜூன் 2024

ரசீதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி.

2019இலிருந்து ஒரு மைசூர்பாகு டப்பாவில் போட்டுவைத்தேன். சென்ற ஆண்டு ஒரு சரிபார்ப்புக்காகத் திறந்தபோது, டோல், பெட்ரோல், ஓட்டல் என்று வெப்ப அச்சில் வந்த தாள் அத்தனையும் வெறும் வெள்ளை. சிலவற்றில் மட்டும் நெய் பட்ட இடத்தில் ஒன்றிரண்டு எண்கள் தெரிந்தன. கையால் எழுதிய ரசீதுகள் அப்படியே இருந்தன. பெல்காம் லாட்ஜ்காரர் நீல மசியில் எழுதிய ‘2 நாள், வெந்நீர் உட்பட’ இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

குறிப்பிட்ட தொழில்களுக்குக் கணக்குப் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி 6எஃப் ரொக்கப் புத்தகம், பேரேடு, 25 ரூபாய்க்கு மேற்பட்ட நம் பில்களின் நகல், செலவுகளின் அசல் பில் ஆகியவற்றைக் கேட்கிறது. பில் கிடைக்காத சில்லறைச் செலவுக்கு 50 ரூபாய் வரை நாமே வவுச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். 50 ரூபாய்க்கு இன்று ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை; விதி மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 6 ஆண்டுகள் வரை எல்லாவற்றையும் பாதுகாக்க வேண்டும். ஆகவே இப்போது ரசீது கைக்கு வந்ததும் போனில் படம். நாள், ஊர், எந்தக் கம்பெனி வேலை என்று ஒரு வரி நோட்டில். யுபிஐயில் கட்டியது வங்கிக் கணக்கில் இருக்கிறதே என்பார்கள். யாருக்குப் பணம் போனது என்பதை அது சொல்லும். எதற்குப் போனது என்பதைச் சொல்லாது.

ரொக்கம் பற்றி ஒன்று: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு, சில விலக்குகள் போக, பிரிவு 40ஏ(3)இன்படி கழியாது.

17 ஜூன் 2024

‘கண்ணாடி இல்லாமல் வார்ப்பில் விரிசலைப் பார்க்க முடியாது, கண்ணாடிச் செலவு தொழிற்செலவு தானே?’ என்று ஒருவர் கேட்கிறார்.

முன்னாள் மத்திய சட்ட அமைச்சரும் மூத்த வழக்கறிஞருமான சாந்தி பூஷண் தம் இதய அறுவைச் சிகிச்சைச் செலவைத் தொழிற்செலவாகக் கேட்டு டில்லி உயர் நீதிமன்றம் வரை போனார். வழக்கறிஞருக்கு இதயம் ஒரு தொழிற்கருவி, அதைப் பழுதுபார்த்த செலவு பிரிவு 31இல் கழிய வேண்டும், இல்லாவிட்டால் 37இலாவது கழிய வேண்டும் என்பது வாதம். 2011இல் தீர்ப்பு எதிராக வந்தது. இதயம் இல்லாமல் தொழில் மட்டுமல்ல, எதுவுமே நடக்காது. அதனால் அது தொழிலுக்கான கருவி ஆகாது. உங்கள் கண்ணாடியை வைத்துக்கொண்டு காலையில் செய்தித்தாள் படிக்கிறீர்களா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள். உருக்கு உலைக்குப் பக்கத்தில் மட்டும் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, இரும்பு முனை வைத்த ஷூ, இவற்றைத் தாராளமாக எழுதலாம்.

23 ஜூலை 2024

பட்ஜெட். புதிய முறையில் சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 50,000இலிருந்து 75,000. ஒரு பில்லும் கொடுக்காமல். நமக்குக் கிடையாது, நாம் சம்பளக்காரர் அல்ல. 19 வருடப் பழக்கத்தில் ஒசூர் நண்பர் அதையும் சேர்த்துக் கழித்துவிடப் போகிறார் என்றுதான் இந்தக் குறிப்பு.

4 ஆகஸ்ட் 2024

நல்ல கேள்வி ஒன்று வந்தது. ஒப்பந்தப்படி கம்பெனி தர வேண்டிய செலவை நான் கூச்சத்தால் கேட்கவே இல்லை; அதைக் கழிக்கலாமா?

மே 12ஆம் தேதி எழுதிய ‘அவசியமாக’ கதை இங்கே கைகொடுக்கிறது. தொழிலுக்காகச் செய்த செலவு என்பது மாறவில்லை, அவசியம் இருந்ததா என்பது கேள்வியும் இல்லை. கழிக்கலாம் என்றே நான் படிக்கிறேன். பிறகு என்றாவது அந்தப் பணம் வந்தால், முன்பு கழித்த செலவு திரும்பி வந்ததாக, வந்த ஆண்டின் வருமானத்தில் சேரும்.

ஆனால் 30 சதவீத அடுக்கில் இருப்பவர் 100 ரூபாய் செலவைக் கழித்தால் மிச்சமாவது, 4 சதவீத செஸ் உட்பட, 31 ரூபாய் 20 காசு. மீதி 68 ரூபாய் 80 காசு உங்கள் கூச்சத்தின் விலை. 44ஏடிஏவில் இருந்தால் முழு நூறும்.

15 டிசம்பர் 2024

இன்று முன்வரியின் (ஆண்டு முடியுமுன்பே கட்டும் வரியின்) மூன்றாம் தவணை நாள். கணக்கு எழுதுபவர்களுக்கு நான்கு தவணை; 44ஏடிஏக்காரர்கள் மார்ச் 15க்குள் ஒரே தடவையாகக் கட்டலாம். இது போதும், வேறு ஒன்றுமில்லை.

6 ஏப்ரல் 2025

புது நிதியாண்டு, ஒப்பந்தங்களைத் திருத்தும் வாரம். இத்தனை நாள் எழுதியதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே தாமதமாகப் பிடிபட்டது இது.

44ஏடிஏவில் இருப்பவனுக்குக் கூலியாக 100 ரூபாய் வந்தாலும், பில்லில் போட்டுத் திருப்பி வாங்கிய செலவாக 100 ரூபாய் வந்தாலும் ஒன்றுதான்: பாதி லாபம். 30 சதவீத அடுக்கில் 15 ரூபாய் 60 காசு வரி போய், 84 ரூபாய் 40 காசு கையில் நிற்கும். கையிலிருந்து போட்ட 100 ரூபாயை முழுதாக மீட்க வேண்டுமானால் 118 ரூபாய் 50 காசு வாங்க வேண்டும். கம்பெனியே நேராகக் கட்டிவிட்டால் எனக்கு வரியும் இல்லை, பில்லும் இல்லை, டப்பாவும் இல்லை. ‘எதைக் கழிக்கலாம்’ என்று ஏழு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘எதை நான் கட்டாமலே இருக்கலாம்’ என்று கேட்டிருக்க வேண்டும்.

ஐந்து கம்பெனிகளிடம் பேசினேன். மூன்று பேர் டிக்கெட், அறை, டாக்சி எல்லாவற்றையும் தாங்களே பதிவு செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் டாக்சி மட்டும் முடியாது என்றார். நடைக்கு 1,500 கூலியைக் கூட்டச் சொன்னேன், 1,200க்கு முடிந்தது. ஐந்தாமவர் பதினைந்து நிமிடம் கணக்கைக் கேட்டுவிட்டு, ‘இவ்வளவு கணக்குத் தெரிந்தவர் எதற்கு மண் அச்சைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?’ என்று காபி வரவழைத்தார். பழைய ஏற்பாடே தொடர்கிறது.

ரசீதுக்குப் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. எந்த ஆண்டு செலவு பாதியைத் தாண்டும் என்பது ஆண்டு முடிந்தால்தான் தெரியும். அன்றைக்குப் போய் வெள்ளைத்தாளைப் புரட்ட முடியாது.

24 ஆகஸ்ட் 2025

புதிய வருமான வரிச் சட்டம், 2025 குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றுவிட்டது. 1 ஏப்ரல் 2026இலிருந்து நடைமுறை. இங்கே நான் எழுதிய பிரிவு எண்கள் அன்றோடு பழசாகிவிடும். 37, 44ஏடிஏ என்று மனப்பாடம் செய்தவர்கள் என்னோடு சேர்ந்து வருந்தலாம்.

14 செப்டம்பர் 2025

கடைசி நாள் ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளிப்போனதால் ஒசூர் நண்பர் நேற்றுதான் தாக்கல் செய்தாராம். ஐடிஆர்-4; ஆடிட்டர் சொன்னபடி பாதிக்குச் சற்று மேலேயே லாபம் காட்டியிருக்கிறார். காலிபரேஷன் பில்லை இப்போது கம்பெனி பெயரிலேயே போடச் சொல்லி, பணத்தையும் அவர்களே பரிசோதனைக்கூடத்துக்குக் கட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

கூடவே ஒரு கேள்வி. கார் வாங்கினால் தேய்மானம், லோன் வட்டி, பெட்ரோல் மூன்றும் வரியில் போய்விடும் என்று மைத்துனர் சொல்கிறாராம். கணக்கு எழுதும் வழியில் போனால், சொந்த உபயோகத்துக்கான பங்கை விலக்கிவிட்டு, மீதி கழியும். 44ஏடிஏவில் இருக்கும் வரை மூன்றுக்கும் தனியாக ஒன்றும் கிடையாது. மைத்துனர் கார் விற்பனையில் இருக்கிறாரா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.